சிறுப்பிட்டி தந்த பதிப்புச் செம்மல்

ஈழவள நாடு தமிழன்னைக்கு ஈந்த புதல்வர் பலர். அவருள் நல்லைநகர் ஆறுமுகநாவலர் அவர்களை அறியாதார் நம்மிடையே இரார். ஆண்டுதோறும் அவருக்குக் குருபூசை எடுக்கின்றோம்; பேச்சுப் போட்டிகளிலே சிறுவர் அவர் சரித்திரத்தை மூச்சுவிடாமல் ஒப்புவிக்கின்றனர். அந் நாவலர் காலத்திலேயே வாழ்ந்து, அவர் கைவைத்த பணிகளுள் ஒன்றினை அவர் மறைந்தபின் இருபது ஆண்டளவாகத் தம் தோளிற் சுமந்த மற்றொரு பெரியாரைப் பற்றியோ நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அவர்தாம் இராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். இம் மலரிலே அவர் வரலாற்றை எழுத விரும்பியதற்கு அவருடைய பெருமை மட்டும் காரணமன்று. தமிழர் என்போர் யார், அவர்தம் பழஞ் செல்வம் எது என்ற கேள்விகளுக்கு இன்று நாம் ஐயமின்றிச் சொல்லும் விடைகள் ஒரு காலத்தில் ஒருவர் நாவிலும் இருக்கவில்லை. அவ்விடைகள் உருவாகிய விதத்தை இவர் வாழ்க்கையிலே கண்ணாரக் காணலாம்.

யாழ்ப்பாணத்து வலிகாமம் கிழக்கிலே சிறுப்பிட்டி என்னும் கிராமத்தில் 1832ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 12ஆந் திகதி வைரவநாதபிள்ளைக்கும் பெருந்தேவி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். தந்தையார் மிஷன் பாடசாலை உபாத்தியாயர். குடும்பம் கிறித்தவ சமயத்தைச் சார்ந்திருந்தது. பிள்ளைக்குச் சார்ள்ஸ் வின்சிலோ என்னும் ஞானஸ்நானப் பெயரும் இடப்பட்டது. ஆங்கிலத்திலே அவர் பெயருக்கு முன் நின்ற சி, டபிள்யூ என்னும் இரண்டு எழுத்தும் அப்பெயரைக் குறிப்பன. பிற்காலத்திலே அவர் சைவராய் நின்று தமிழ் நூல்களின் முகப்பிலே தம் பெயரைப் பொறித்தபோது அவ் எழுத்துக்கள் 'சி. வை.' ஆயின; சிறுப்பிட்டி வைரவநாதர் மகன் என்பது பொருளாயிற்று. பழைய பெயரை அவர் அழித்து எறியவில்லை. எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு பொருளை மாற்றிவிட்டார். அவர் செய்த பெரும் பணி முழுவதையும் இச் சிறு செயலிலே நான் முன்கூட்டிக் காண்கின்றேன்.

சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடத்திலே இளமையிற் தமிழ் இலக்கண இலக்கியங்கள் கற்றார். நம் காங்கேசன்துறைக்கு அணித்தாயுள்ள தெல்லிப்பழையிலே அமெரிக்க மிஷனரிமார் நடத்திய பாடசாலையிலே ஆங்கிலம் பயின்றார். அம் மிஷனரிமார் 1816ஆம் ஆண்டிலே முதன்முதல் வந்து நிலைகொண்ட இடம் அதுவே. பின்னர் 1844ஆம் ஆண்டு முதல் எட்டாண்டளவு வட்டுக்கோட்டைச் செமினரியிலே கற்றார். 1823இல் தொடங்கி 1855இல் மூடப்பட்ட அக் கலாசாலை, இருந்த காலம் சிறிதாயினும், கணிதம், வானசாத்திரம், தத்துவம், ஆங்கிலம் என்பவற்றோடு தமிழையும் ஒழுங்காகக் கற்பித்தது. மதத்தைப் பரப்புதற்கு என்று எழுப்பப்பட்ட கட்டடத்துக்குள்ளே தமிழ்ப் புலமை வளர்ந்தது விந்தையே. மிஷன் கல்லூரியொன்றிற் படித்து வந்தவன் ஆதலால் இதனை நான் சற்று உள்ளிருந்தே அறிவேன். ஒரு பாடசாலை தான் கொடுக்க நினைத்ததை மட்டுமே மாணவனுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்ல முடியாது. அவன் எதை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறான் என்பது அவன் கையிலும் இருக்கின்றது.

1852இல் கோப்பாய்ப் போதனா பாடசாலையில் ஆசிரியரானார். அங்கிருக்கும்போதே 1854இல் குமரகுருபரரின் நீதிநெறி விளக்கத்தை உரையோடு அச்சிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு நிரம்பியும் நிரம்பாமலும் இருக்கும். இதை வாசிக்கும் இளைஞர் தம் வயதை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்வாராக. நானும் எண்ணிப் பார்த்தேன்.

பின்பு பேர்சிவல் பாதிரியார் அழைக்கச் சென்னைக்குச் சென்றார். நாவலரைத் துணையாகக் கொண்டு வேதாகமத்தைத் தமிழாக்கிய அதே பேர்சிவல், சென்னையில் 'தினவர்த்தமானி' என்னும் பத்திரிகையை நடத்திவந்தார்; அதற்கு ஆசிரியராய் அமர்ந்தார் நம் பிள்ளையவர்கள். 1857இலே நிறுவப்பட்ட சென்னைச் சர்வகலாசாலை முதன்முதல் நடத்திய பி. ஏ. பரீட்சையிலே தேறியவர் இருவர். இருவரும் யாழ்ப்பாணத்தார். ஒருவர் தாமோதரம்பிள்ளை, மற்றவர் அவருக்கு வட்டுக்கோட்டையிலே ஆசிரியராயிருந்த கறல் விசுவநாதபிள்ளை. இதன்பின் அவர் வகித்த உத்தியோகங்களை விரிக்கவேண்டியதில்லை. கள்ளிக்கோட்டையிற் கல்லூரி ஆசிரியர், சென்னையில் அரசாங்கக் கணக்குச் சாலையில் மேலதிகாரி, 1871இல் பி. எல். பட்டம், 1882இல் ஓய்வு, கும்பகோணத்தில் வக்கீல், 1887இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதி, 1895இல் இராவ்பகதூர்ப் பட்டம். இடையிலே தம் முன்னோர் சமயமாகிய சைவத்துக்கு மீண்டு, 'சைவ மகத்துவம்' முதலிய நூல்களும் இயற்றினார். அன்றைய உத்தியோகத்தர் ஒருவர்க்கு இவ்வளவும் போதிய சரித்திரமே. ஆயின் இவற்றை எல்லாம் நாம் மறந்துவிட்டோம், மறந்ததிற் குற்றமுமில்லை. கணக்குப் புத்தகங்களை மூடியபின் இரவிலே அவர் எதைத் திறந்தார் என்பதே நமக்கு வேண்டுவது.

அவர் திறந்தவை ஏட்டுச் சுவடிகள். பனையோலை என்பது நம் ஊரிலே வேலி அடைக்கவும் கூரை வேயவும் உதவும் பொருள். பதப்படுத்தி எழுத்தாணியாற் கீறி மையூட்டினால் சில தலைமுறைக்கு நூலைத் தாங்கும். அதன்பின் செல்லும் பூச்சியும் ஈரமும் தம் வேலையைக் காட்டும். ஆதலின் ஒரு நூல் உயிரோடிருக்க வேண்டுமாயின், பழைய ஏடு மடியுமுன் எவரேனும் ஒருவர் அதனைப் புதிய ஏட்டிலே பெயர்த்தெழுதவேண்டும். ஒரு தலைமுறையார் அதனை வேண்டாமென்று விட்டுவிட்டால் அதற்கு அடுத்த தலைமுறை வேண்டுமென்று கேட்டும் பயனில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மடங்களிலும் திண்ணைகளிலும் கற்பிக்கப்பட்டவை பெரும்பாலும் புராணங்களும் பிரபந்தங்களும் நன்னூல் முதலிய பிற்கால இலக்கணங்களுமே. சங்க நூல்களின் பெயர்களை உரைகளிலே மேற்கோளாகக் கண்டவர் சிலர். நூலையே கண்டவர் மிகச் சிலர். கேட்பாரில்லாத ஏடுகளைப் பதினெட்டாம் பெருக்கிலே ஆற்றில் விட்ட வீடுகளும் இருந்தன. அவர்கள் தீயவரல்லர். தமக்குப் பொருள்படாத பழையதொன்றை மரியாதையோடு அனுப்பிவைத்தார்கள், அவ்வளவே.

எஞ்சிய ஏடுகளின் நிலையைப் பிள்ளையவர்கள் தம் பதிப்புரைகளிலே உருகி எழுதியிருக்கின்றார். ஏட்டைக் கையில் எடுத்தால் ஓரம் உதிர்ந்ததாம்; கட்டை அவிழ்த்தால் இதழ் முறிந்ததாம்; புரட்டினாலோ துண்டு துண்டாகப் பறந்ததாம். கிடைத்த ஏட்டை வாசித்தலும் எளிதன்று. மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேற்றுமை இராது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். எது சூத்திரம், எது உரை, எது உரைகாரர் காட்டும் மேற்கோள் என்று பிரித்துக் காட்டும் இடைவெளியும் இராது. எழுதினவன் பிழை விட்டிருப்பான். அதைப் பெயர்த்தெழுதினவன் அப்பிழையைத் 'திருத்தி' வேறொரு பிழை ஆக்கியிருப்பான். ஆகவே ஒரே நூலுக்குப் பல பிரதிகளைத் தேடி எடுத்து, பக்கத்துப் பக்கம் வைத்து ஒப்புநோக்கி, பொருளும் யாப்பும் இலக்கணமும் எங்கே பொருந்துகின்றன என்று துணியவேண்டும். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகர் அவர்கள் ஏடு உதவினார்கள். யாழ்ப்பாணத்து வித்துவான்களோடும் கடிதப் போக்குவரவு இருந்தது.

1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு வெளியிட்டார். அதனைப் பரிசோதித்துக் கொடுத்தவர் நாவலர். நூல்களை அச்சேற்றும் வித்தையிலே நாவலரே இவருக்கு வழிகாட்டி என்றல் பொருந்தும். 1879 டிசம்பரிலே நாவலர் சிவபதம் அடைந்தார். அதன்பின் தட்டிக் கேட்கவும் திருத்தித் தரவும் ஆளில்லாத நிலையிலே, தாம் துணிந்து இறங்க அஞ்சியதையும், இறங்காவிட்டால் நூலே இல்லாமற் போகும் என்று கண்டு துணிந்ததையும் அவர் மறைக்கவில்லை. 1881இல் வீரசோழியம், 1883இல் தணிகைப் புராணமும் இறையனார் அகப்பொருளும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை, 1889இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும், 1891இல் எழுத்ததிகாரம் நச்சினார்க்கினியர் உரை, 1892இல் சொல்லதிகாரத்துக்கு அதே உரைகாரர் உரை. இவற்றுக்காகத் தம் கைப்பொருளைச் செலவிட்டார். வாங்குவார் தொகை செலவை ஈடுசெய்யவில்லை. புத்தகம் வாங்காத தமிழன் என்னும் குறை இன்று நேற்றுத் தோன்றியதன்று என்று அறிந்து நம் மலர்க் குழுவினர் ஆறுதலடையலாம்.

இவற்றுள் பொருளதிகாரத்தைப் பற்றிச் சிறிது நின்று சொல்லவேண்டும். இறையனார் அகப்பொருள் உரையிலே ஒரு பழங்கதை வருகின்றது. பாண்டிநாட்டிலே பன்னிரண்டு ஆண்டு பஞ்சம் வந்தது. அரசன் புலவரை எல்லாம் பிறநாடுகளுக்குப் போகவிட்டான். மழை பெய்து நாடு செழித்தபின் அவரைத் தேடி ஆள் அனுப்பினான். எழுத்து வல்லாரும் சொல் வல்லாரும் யாப்பு வல்லாரும் வந்தனர்; பொருள் வல்லாரை மட்டும் எங்கும் காணோம். எழுத்தும் சொல்லும் ஆராய்வது பொருளின் பொருட்டன்றோ, பொருள் இல்லாதபோது அவை எதற்கு என்று பாண்டியன் கவன்றானாம். இக்கதை நடந்ததோ இல்லையோ, பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அது சொல்லுக்குச் சொல் உண்மையாயிற்று. எழுத்ததிகாரம் 1847ஆம் ஆண்டளவிலேயே மழவை மகாலிங்கையர் முயற்சியால் அச்சாகியிருந்தது. சொல்லதிகாரமும் அச்சாயிற்று. பொருளதிகாரத்தைப் பாடங் கேட்டவரும் இல்லை, சொல்ல வல்லவரும் இல்லை. அந்தப் பஞ்சக் கதை உள்ள நூலை 1883இலும், காணாமற்போன பொருளையே 1885இலும் ஒருவரே பதிப்பித்தார் என்பது எவ்வளவு இனிய பொருத்தம்! பொருளதிகாரம் வெளிவந்திராவிட்டால், அகமென்றும் புறமென்றும், குறிஞ்சி முல்லை மருதம் நெய்தல் பாலை என்றும் தமிழர் தம் நிலத்தையும் காதலையும் போரையும் ஒழுங்குபடுத்திக் கண்ட கண்ணை நாம் எங்ஙனம் பெற்றிருப்போம்? இன்று பத்தாம் வகுப்பு மாணவனும் ஐந்திணையை ஒப்பிக்கின்றான். கடற்கரையிலே குடியிருக்கும் நம்மவர் தம் மண்ணை நெய்தல் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கின்றனர். எங்கள் கொள்ளுப்பாட்டனாரின் தந்தையார் அப்படிச் சொல்லியிருப்பாரோ என்பது ஐயமே. அவருக்கு அது கடற்கரை. கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போகும் வழி.

ஒரு சமுதாயம் தன் பொதுச் செல்வம் என்று எதைக் கருதுகின்றதோ அது வானத்திலிருந்து இறங்குவதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. பின்லாந்து தேசத்திலே லொன்றொட் என்னும் ஒரு வைத்தியர் கிராமங்கள்தோறும் நடந்து கிழவர்கள் பாடிய பாட்டுக்களைச் சேர்த்து 1835இல் 'கலேவலா' என்று வெளியிட்டார். அதன்பின்பே பின்லாந்தியர் தமக்கொரு காவியம் உண்டென்று அறிந்தனர். அவர் வைத்தியர், இவர் கணக்கர். ஒரு வேறுபாடும் உண்டு. லொன்றொட் தாம் கேட்ட பாட்டுக்களைத் தம் மனம்போல் இணைத்து ஒரு கதையாக்கினார். பிள்ளையவர்களோ கிடைத்த நூலை நூலாகவே தர முயன்றார்.

இன்னொன்று. சைவத்திலே அழுத்தமான பற்றுடைய இவர் அச்சிட்ட நூல்களைக் கவனியுங்கள். வீரசோழியம் புத்தமித்திரனார் என்னும் பௌத்தர் இயற்றிய இலக்கணம். சூளாமணி சமண காவியம். தம் சமயத்துக்கு எதிரானவர் நூல் என்று அவற்றை ஒதுக்குவாரும் அக்காலத்திருந்தனர். பிள்ளையவர்கள் அவற்றை மக்கவிட்டிருந்தால் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவர் விடவில்லை. வீரசோழியப் பதிப்புரையிலே தமிழின் சரித்திரத்தை அபோத காலம், அட்சர காலம், இலக்கண காலம், சமுதாய காலம், அநாதார காலம், சமண காலம், இதிகாச காலம், ஆதீன காலம் என எட்டாக வகுத்தார். புலவர் கதைகளாகச் சிதறிக் கிடந்தவற்றை ஒரு மொழியின் தொடர்ந்த வரலாறாகக் கோத்துப் பார்த்த முதல் முயற்சிகளுள் இது ஒன்று. அவர் சொன்ன ஆண்டுக் கணக்குகளை இன்றைய ஆராய்ச்சியாளர் ஏற்கமாட்டார். பல இடங்களிலே அளவுக்கு மிஞ்சிப் பழைமை கூறிவிட்டார். ஆயினும் அவ்வரிசையிலே சமணர்க்கு என்று ஒரு காலமே ஒதுக்கப்பட்டிருத்தலை நம் கோயிற் பிரசங்கியார் சிலர் வாசிப்பது நன்று.

குறைகளும் உள. பொருளதிகாரம் முழுவதற்கும் உரைகாரர் நச்சினார்க்கினியரே என்று எண்ணி அச்சிட்டார். கடைசி நான்கு இயல்களின் உரை பேராசிரியருடையது என்று பின்னர் இரா. இராகவையங்கார் 'செந்தமிழ்'ப் பத்திரிகை வாயிலாக நிறுவினார். நூல் அச்சிலே வந்திராவிடின் அப்பிழையைக் கண்டுபிடிக்கவும் ஒருவருக்கும் வழி இராது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பாடபேதங்களைக் குறித்தல், நூலிலுள்ள பெயர்களையும் பொருள்களையும் அட்டவணைப்படுத்தல் முதலியவற்றிலே உ. வே. சாமிநாதையர் அவர்கள் இவரினும் பலபடி மேம்பட்டார் என்பதை ஊர்ப்பற்றினால் நாம் மறுத்தலாகாது.

ஐயர் அவர்களுக்கும் இவருக்கும் கும்பகோணத்திலே ஏற்பட்ட தொடர்பு சுவையானது. ஐயர் அங்கே கல்லூரி ஆசிரியர், இவர் வக்கீல். சீவகசிந்தாமணியை ஐயர் ஆராய்ந்துகொண்டிருப்பதை அறிந்த பிள்ளையவர்கள், அதனைத் தாமே பதிப்பிக்க விரும்பி அவர் கையிலிருந்த பிரதியைக் கேட்டார். பதிப்பு வேலையின் கடினத்தையும் பொருட்செலவையும் எடுத்துக் கூறினார். இளையவராகிய ஐயர் இசையவில்லை. தாமே செய்வதென்று உறுதிகொண்டு 1887இல் சிந்தாமணியை வெளியிட்டார். தம் சரித்திரத்திலே இவற்றை எல்லாம் ஐயர் எழுதிவைத்திருக்கின்றார். இதைக்கொண்டு தமிழகத்தார் சிலர் பிள்ளையவர்களைக் குறை கூறுவதும், ஈழத்தார் சிலர் ஐயரைக் குறை கூறுவதும் உண்டு. எனக்கு இரண்டும் வீண் வழக்காகவே தோன்றுகின்றன. ஓர் ஏட்டுக்கு இருவர் போட்டியிட்ட அந்நாளுக்கு முன், அதற்கு ஒருவரும் கைநீட்டாத நாள் எத்தனை நூற்றாண்டு இருந்தது! அதன்பின் ஐயர் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று அடுக்கடுக்காகப் பதிப்பித்த வரலாறு யாவரும் அறிந்தது.

பிறந்த ஊரையும் மறந்தாரல்லர். 1876இலே சுன்னாகத்துக்கு அண்மையிலுள்ள ஏழாலையிலே ஒரு பாடசாலை தாபித்தார். சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர் அங்கே ஆசிரியராயிருந்தார்.

அச்சிட்டுவிட்டால் நூல் அழியாது என்று அக்காலத்தார் நம்பினர். நம் தலைமுறைக்கு அந்த நம்பிக்கை இல்லை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. 1990இலே நம் காங்கேசன்துறை மக்கள் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இடம்பெயர்ந்தபோது எத்தனை வீட்டு அலுமாரிகளிலே எத்தனை புத்தகங்கள் கிடந்தனவோ, திரும்பி வந்தவர்களுட் பலர்க்குச் சுவரே மிஞ்சவில்லை; புத்தகத்தைப் பற்றிக் கேட்பது எப்படி? கோயில் மலர்களும் கல்வெட்டுப் புத்தகங்களும் பழைய பாடசாலைச் சஞ்சிகைகளும் அவ்வாறே போயின. 2005இலே தொடங்கிய 'நூலகம்' என்னும் இணைய நூல்நிலையத்தார் ஈழத்து நூல்களைத் தேடித் தேடிப் படம்பிடித்து வைக்கின்றனர். வீட்டிலே பரண்மேற் கிடக்கும் ஒரு பழைய மலரை அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பவன் செய்யும் வேலையும் தாமோதரம்பிள்ளை செய்த வேலையின் இனத்தைச் சேர்ந்ததே. நம் சங்கத்திலே இதற்கென இரண்டு மூன்று பேர் முன்வந்தாற் போதும். பெரியோர்களே, உங்கள் பெட்டிகளைத் திறக்க எங்களுக்கு அனுமதி தாருங்கள்.

பிள்ளையவர்கள் 1901ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி சென்னைப் புரசைவாக்கத்திலே தம் அறுபத்தெட்டாம் வயதிற் காலமானார். பரிதிமாற் கலைஞர் முதலிய புலவர்கள் இரங்கற் பாக்கள் பாடினர்.

அவர் மைந்தருள் ஒருவர் அழகசுந்தரம் என்பவர். தந்தையார் விட்டு வந்த சமயத்தை மைந்தர் தேடிச் சென்று தழுவிக் குருவுமானார். பிரான்சிசு கிங்ஸ்பெரி என்னும் பெயரால் அறியப்பட்டார். தமிழிலே பெரும்புலமை உடைய அவர், பிலிப்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியாரோடு கூடி, தேவார திருவாசகப் பாடல்கள் பலவற்றைத் தெரிந்தெடுத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1921இல் வெளியிட்டார். தமிழறியாத நாட்டார் பலர் சம்பந்தரையும் அப்பரையும் சுந்தரரையும் மணிவாசகரையும் முதன்முதல் வாசித்தது அந்தச் சிறு புத்தகத்திலேதான்.